ஒன்பது அவுன்ஸ்

1

ஊரில் நீங்கள் நடத்துகிற பத்திரிகைக்குக் கேட்டது தேயிலை மலையின் அழகைப் பற்றி. நான் எழுதப்போவது மூத்திரத்தைப் பற்றி. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து படியுங்கள்.

அழகைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான். இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தேன். நமுனுகுல மலைமேல் மேகம் இறங்குவதை அரைப் பக்கம் எழுதியதும் பேனா நின்றுவிட்டது. நேற்று இங்கே ஒரு காரியம் நடந்தது. அதை இறக்கிவைக்காமல் வேறு எதையும் என்னால் எழுத முடியாது. இந்தக் காகிதம் காற்றில் பறக்காமல் இருக்க மேலே இரண்டு கற்களை வைத்திருக்கிறேன். அவை என் மேசைக்கு வந்த கதைதான் இது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் முசிறிப் பக்கத்துக்காரன். திருச்சிராப்பள்ளியில் கம்பவுண்டராக இருந்தேன். பதினான்கு வருஷத்துக்கு முன் தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் இறங்கி, பண்டாரவளை வரை ரயிலிலும் அதற்குமேல் மாட்டு வண்டியிலும் வந்து, பசறைக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவனாகச் சேர்ந்தேன். ரயில் இன்னும் பதுளைக்கு வரவில்லை. வருகிறது வருகிறது என்று நான் வந்த நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்து ஜனங்கள் என்னை டாக்டரய்யா என்பார்கள். நான் டாக்டர் இல்லை. முதல் வருஷம் திருத்திப் பார்த்தேன், இரண்டாம் வருஷம் விட்டுவிட்டேன், மூன்றாம் வருஷம் அப்படிக் கூப்பிடாதவர்கள்மேல் கோபம் வர ஆரம்பித்தது.

2

காலையில் தப்பு மேளம் அடித்ததும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார். உடம்பு முடியாதவர்கள் அங்கிருந்து நேரே என் மருந்துக் காம்பராவுக்கு வருவார்கள். பாதிப் பேருக்குக் காய்ச்சல், கால்வாசிப் பேருக்கு அட்டை கடித்த புண், மிச்சப் பேருக்கு அலுப்பு. அலுப்புக்கு என்னிடம் மருந்து கிடையாது. எழுதி நிரப்புகிற அச்சுப் பாரம் மட்டும் உண்டு. இங்கே ஒருவன் தும்மினால்கூட மூன்று பிரதி எழுத வேண்டும். ஒன்று தோட்டத் தொரையின் ஆபீசுக்கு, ஒன்று பதுளைக்கு, ஒன்று என் அலமாரிக்கு. பதினான்கு வருஷத்தில் நான் மருந்து கலக்கியதைவிட எழுதியதுதான் அதிகம்.

அங்கம்மா அப்படி ஒரு காலையில்தான் வந்தாள். இரண்டு வருஷம் இருக்கும். கொழுந்து பறிப்பவள், முப்பது வயதுக்குள். புருஷன் வீராசாமி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். பாப்பாத்தி என்று ஒரு பெண்ணும் அதற்குக் கீழே ஒரு பையனும்.

"வலது கண்ணுல பனி எறங்கின மாரி இருக்குங்க. தேச்சுத் தேச்சுப் பாத்தேன், போகல" என்றாள்.

கண்ணில் சிவப்பு இல்லை, பீளை இல்லை. சொட்டு மருந்து கொடுத்தேன். ஒரு மாதத்தில் பார்வை திரும்பியது. என் மருந்துதான் குணப்படுத்தியது என்று ஒரு வாழைப்பழச் சீப்போடு வந்தாள். நானும் வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாறு மாதம் கழித்து மலைச்சரிவில் கால் பின்னி விழ ஆரம்பித்தாள். இடுப்புக்குக் கீழே எறும்பு ஊர்வதாகச் சொன்னாள். வாதம் என்று எழுதி எண்ணெய் கொடுத்தேன். அதுவும் கொஞ்சம் தேவலையானது. அவர்கள் குடியிருக்கிற லயத்தில் செய்வினை என்றார்கள், வீராசாமி முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொண்டான். அப்புறம் ஒரு நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில், கூடையோடு வரிசையில் நின்றவள், நின்ற இடத்திலேயே சேலையை நனைத்துவிட்டாள். பின்னால் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்குக் கூடையை அங்கேயே போட்டுவிட்டு லயத்துக்கு ஓடியவள், மூன்று நாள் வெளியே வரவில்லை.

இதை ஒரு நோயாக எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. இங்கே பெண்கள் விடியுமுன் தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் ஒதுங்கினால் அப்புறம் இருட்டிய பிறகுதான். மலையில் நிரையை விட்டு நகர்ந்தால் கங்காணி சத்தம் போடுவான். அதனால் தண்ணீரே குடிக்காமல் நாளை ஓட்டுகிறவர்கள் உண்டு. அடக்கி அடக்கி வந்த கோளாறு என்று நினைத்துப் பார்லி கஞ்சி குடிக்கச் சொல்லி அனுப்பினேன்.

3

மாதத்துக்கு ஒரு முறை பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து குதிரையில் ஒரு டாக்டர் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், குரலை உயர்த்தத் தெரியாதவர். அவர் தமிழில் நோய்க்கு வருத்தம் என்று பெயர். நான் வந்த புதிதில், "இவருக்கு என்ன வருத்தம்?" என்று ஒரு நோயாளியைக் காட்டி அவர் கேட்க, "பெண்சாதி ஓடிப்போய்விட்டாள்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அதை நினைத்து நினைத்துப் பல மாதம் சிரித்தார்.

அங்கம்மாவின் சீட்டுகளை அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். கண், கால், இப்போது மூத்திரம்.

"இஞ்ச பாரும். நீர் மூண்டு வருத்தம் எண்டு எழுதியிருக்கிறீர். எனக்கென்னவோ எல்லாம் ஒண்டுதான் போலக் கிடக்கு."

முள்ளந்தண்டுக்குள்ளும் மூளையிலும் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தடித்துப்போகிற நோய் ஒன்று இருக்கிறதாம். வெள்ளைக்காரர்களுக்கு வருவதாகத்தான் புத்தகத்தில் படித்திருக்கிறாராம், நம்மவர்களில் அவர் பார்த்தது இவளை மட்டும்தான். வரும், போகும், போனது போல் இருந்து மறுபடி வேறு இடத்தில் வரும். மருந்து கிடையாது.

"அதுக்கு நாங்கள் ஒண்டும் செய்யேலாது. ஆனால் சலப்பையைப் பார்க்கலாம். எவ்வளவு வெளியில போகுது, எவ்வளவு உள்ளுக்க நிக்குது, அதுதான் எனக்குத் தெரிய வேணும். உள்ளுக்க தேங்கி நிண்டால் அழுகும். அழுகினால் சிறுநீரகத்துக்கு ஏறும். ஏறினால் ஆளை மறந்துவிட வேண்டியதுதான்."

சோதனை எளிது. முதலில் மூன்று நாள், அவள் போகிறபோதெல்லாம் எவ்வளவு என்று அளந்து எழுத வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது என்றால் மிச்சம் உள்ளே தேங்குகிறது என்று அர்த்தம். அப்படியானால் உடனே பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அங்கே நர்ஸ் ரப்பர் குழாய் விட்டுத் தேங்கியதை எடுத்து அளப்பாள். எப்படி எடுப்பது என்று வீட்டுப் பெண்கள் யாருக்காவது சொல்லியும் கொடுப்பாள். தினம் இரண்டு வேளை அப்படி எடுத்துக்கொண்டிருந்தால் அவள் சில வருஷம், பல வருஷம்கூட இருக்கலாம். நன்றாகப் போகிறது என்றால் அவசரம் இல்லை, அடுத்த மாதம் தாமே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

ஆக, அவள் உயிர் நான் எழுதப்போகும் எண்ணில் இருந்தது. அது அப்போதே எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

4

மருந்துக் காம்பராவுக்குப் பின்னால் சாக்குத் திரை போட்ட ஒரு மறைப்பு உண்டு. அதில் ஒரு எனாமல் பேசின் வைத்தேன், கால் கழுவ ஒரு வாளித் தண்ணீரும் வைத்தேன். காலை, மத்தியானம் கொழுந்து நிறுத்த பின், சாயங்காலம் என்று மூன்று வேளையும் அவள் வந்துபோக வேண்டும். ஆண்பிள்ளையிடம் பேசினை நீட்ட அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும் வெட்கம். முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள். அவுன்ஸ் கிளாசில் ஊற்றிப் பார்த்தேன்.

"எவ்வளவுங்க?" என்றாள்.

"மூணு."

"பத்தாதுங்களா?"

"பத்தாது."

"கொறஞ்சா என்னங்க ஆகும்?"

அன்று காலை பதினேழு பேர் வாசலில் நின்றார்கள். ஆபீசிலிருந்து, போன மாதப் பாரத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்கு எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. கேள்வி கேட்கிற நோயாளியை எனக்கு எப்போதுமே பிடிக்காது. சிடுசிடுவென்று சொன்னேன்:

"கொறஞ்சா பதுளை ஆஸ்பத்திரி. அங்க வேலைக்கு ஆகாதுன்னு எழுதிட்டா நேரா தலைமன்னார், அப்புறம் ஊரு. கப்பல் ஏத்திடுவாங்க. ஒழுங்கா அளந்து குடுத்துட்டுப் போ."

அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. டாக்டர் சொல்லவில்லை, தொரை சொல்லவில்லை. அவளைப் போன்ற ஒருத்தியை அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. தோட்டத்தில் பயம் காட்டினால்தான் காரியம் நடக்கும் என்று அத்தனை வருஷத்தில் கங்காணிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தேன்.

"ஊருல எனக்கு யாருங்க இருக்கா?" என்றாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மத்தியானம் எட்டு அவுன்ஸ். சாயங்காலம் ஒன்பது. மறுநாள் ஒன்பது, எட்டு, ஒன்பது. ஒவ்வொரு தடவையும் "எவ்வளவுங்க?" என்று கேட்டாள். தராசு முன்னால் கூடையைத் தொங்கவிட்டுவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்கிற அதே கேள்வி. நான் எண்ணைச் சொன்னதும் அவள் முகம் தெளியும். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. டாக்டர் ஒன்றுக்கு மூன்றாகப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கொழுந்து எடை குறையும் நாளில் அரைப் பேர்தான் போடுவார்கள், அதாவது பாதி நாள் உழைத்ததாகத்தான் கணக்கு. அதற்காகச் சிலர் கூடையில் தண்ணீர் தெளித்துக் கனம் ஏற்றுவது உண்டு. அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் நிறுக்குமுன் கங்காணி முழங்கை வரை கூடைக்குள் கையை விட்டுத் துழாவுவான். ஈரம் பட்டால் எடையில் கழிப்பான். எழுதப்படிக்கத் தெரியாத கங்காணி அவன். ஒரு நாளும் கையை விடாமல் அவன் நிறுத்ததில்லை.

அந்த முதல் மூன்று அவுன்ஸைத் தவிர, மூன்று நாளும் அந்தப் பேசின் என் உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. உடம்பிலிருந்து அப்போதுதான் இறங்கியது எப்படிச் சில்லென்று இருக்கும்? மலைக்குளிர் என்று நினைத்தேன். நிறம் வெளுத்திருந்தது. பார்லி கஞ்சி என்று நினைத்தேன். மூத்திரத்தின் கனம் பார்க்கிற கண்ணாடி மிதவை ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. நான் இழுப்பறையைத் திறக்கவே இல்லை. நல்ல இங்கிலீஷில், நல்ல கையெழுத்தில், திருப்திகரம் என்று எழுதி மூன்று பிரதி அனுப்பினேன்.

5

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்கிறேன். சம்பந்தம் உண்டு.

ஜானகி பதுளையில் தங்கிப் படிக்கிறாள். பாப்பாத்தியின் வயதுதான். வாராவாரம் இங்கிலீஷில் கடிதம் வருகிறது, நான் அதைத் தமிழில் அவள் அம்மாவுக்குப் படித்துக்காட்டுகிறேன். கூடப் படிக்கிற பிள்ளைகளோடு பழகிச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடாக வருகிறது. தமிழ் எழுதச் சொன்னால் கையெழுத்து நோயாளியின் கையெழுத்து மாதிரி இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் முசிறிக்கு அழைத்துப் போயிருந்தேன். நாலாம் நாள் காலையில், சித்தப்பா பெரியப்பா எல்லாரும் சூழ உட்கார்ந்திருக்க, "அப்பா, ஊருக்கு எப்ப போவோம்?" என்றாள். பதுளையைச் சொல்கிறாள் என்று புரிய எல்லோருக்கும் கொஞ்ச நேரம் ஆனது. என் அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது, திண்டாட்டமாகவும் இருந்தது.

உங்கள் கடிதங்களில் எல்லாம் கடைசி வரி ஒன்றாகவே இருக்கிறது: எப்போது ஊர் திரும்புகிறாய்? அதை ஆசையாகத்தான் கேட்கிறீர்கள். நானும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று ஆசையாகத்தான் பதில் எழுதுகிறேன். அதே ஊரைத்தான் நான் அங்கம்மாவிடம் தண்டனையாகச் சொன்னேன். பஞ்சத்தில் தாயும் தகப்பனும் செத்து, ஒரு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபம் கடற்கரையில் வந்து நின்றவள் அவள். அத்தையும் இங்கேதான் புதைந்திருக்கிறாள். அவளை அங்கே அனுப்பினால் புருஷனும் பிள்ளைகளும் இங்கே பெரட்டில் நிற்க, அவள் மட்டும் யார் வாசலில் போய் இறங்குவாள்? நான் இதை யோசிக்க ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. அவள் அந்த ஒரு காலையிலேயே யோசித்துவிட்டாள்.

6

இருபது நாள் கழித்து அங்கம்மாவுக்குக் குளிர் காய்ச்சல். உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மலேரியா என்று கொய்னா கொடுத்தேன், கேட்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே உருண்டையாகக் கல் மாதிரி இருந்தது.

நாற்காலியில் கம்பு கட்டி நாலு பேர் பசறை வரை தூக்கினார்கள். அங்கிருந்து வண்டி. நானும் வீராசாமியும் கூடவே நடந்தோம். பதுளையில் நர்ஸ் குழாய் விட்டாள். திரைக்கு இந்தப் பக்கம் டாக்டரும் நானும் நின்றோம். ஒரு பாத்திரம் வந்தது. இன்னொன்று கேட்டாள். நாற்றம் திரையைத் தாண்டி வந்தது. டாக்டர் தம் கையாலேயே அளந்தார். நாற்பது அவுன்ஸைத் தாண்டியது.

என்னுடைய காகிதத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது சரியெண்டால் இந்தப் பொம்பிளை இப்படிக் கிடக்கக் கூடாது."

நான் அந்தப் பாத்திரத்தையே பார்த்தேன்.

"கையில வாங்கேக்க சூடா இருந்ததோ?"

நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் அவளுக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்தது. என்னைக் கட்டிலுக்கு அருகில் கூப்பிட்டாள்.

"நாந்தாங்க தண்ணி ஊத்துனேன். வாளியில இருந்து. மூணுன்னு சொன்னப்ப ஒங்க மொகம் ஒரு மாரி ஆயிருச்சுங்க. அதான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கொழுந்துக்குக்கூட ஒரு நாளும் தெளிச்சதில்லீங்க. கங்காணியக் கேட்டுப் பாருங்க."

"பரவாயில்ல, அதப் பத்தி நெனைக்காத" என்றேன்.

"கப்பல் ஏத்திராதீங்கய்யா."

டாக்டர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "ஆர் உனக்குச் சொன்னது கப்பல் ஏத்துவம் எண்டு?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். நான் சொல்லியிருக்கலாம். நான்தான் சொன்னேன் டாக்டர், கோபத்தில் சொன்னேன், அது பொய் என்று ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் அவளாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். வீராசாமி வேறு பக்கத்தில் நின்றான். எனக்குத் தைரியம் வரவில்லை.

எட்டாம் நாள் இறந்துபோனாள். செத்தவர்களுக்கான பாரத்தில் காரணம் எழுத ஒரே ஒரு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள். சிறுநீரகத்தில் சீழ் என்று எழுதினேன். அந்த வரி முழுதும் நிறைந்துவிட்டது.

7

நேற்று வீராசாமி வந்தான். நாளை மறுநாள் அவளுக்குத் தலைத்திவசம் என்று சொன்னான். கூடவே பாப்பாத்தி, தலையை எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு நின்றாள்.

"புள்ளைக்குப் பேரு பதியணுங்க. கொழுந்துக்கு அனுப்பலாம்னு. ஒங்க சீட்டு வேணுமாம்."

பேர் பதிகிற சிறுபிள்ளைகளுக்குக் கண், பல், நெஞ்சு பார்த்து, எடை போட்டு, வேலைக்கு ஆகும் என்று நான் எழுத வேண்டும். ஆள் நிறுக்கிற தராசு என்னிடம் இல்லை. கொழுந்துத் தராசின் கொக்கியில் சாக்கை ஊஞ்சல் மாதிரி கட்டி அதில் உட்காரவைப்பதுதான் இங்கே வழக்கம். மூன்று பேரும் நிறுக்கிற இடத்துக்குப் போனோம். அவள் அம்மா நின்று நனைந்த இடம். வீராசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாப்பாத்தி சாக்கில் ஏறி உட்கார்ந்தாள். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்தேன். குச்சி மாதிரி கையும் காலும், அந்த உடம்புக்கு அது அதிகம். போன வருஷமாக இருந்தால் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன்.

"மடியில என்ன?" என்றேன்.

அவள் அசையவில்லை. அப்பன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று முகமே சொன்னது. அவள் மெதுவாகப் பாவாடை மடியை அவிழ்த்து, ஓடையில் கிடக்கிற உருண்டைக் கல் இரண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். மடியிலேயே வைத்திருந்ததால் சூடாக இருந்தன.

"ஏண்டி!" என்று வீராசாமி கையை ஓங்கினான். நான் தடுத்தேன்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லீங்க." பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "கொறஞ்சா கப்பல் ஏத்திடுவீங்களாம்ல. அம்மா சொல்லிச்சு."

வீராசாமி என்னைப் பார்த்தான். ஒரு வருஷமாக அவனுக்குத் தெரியாதது அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கேட்டுப் பழக்கப்பட்டவன் இல்லை அவன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்து முடிக்க வெகு நேரம் ஆனது.

"நாந்தாம்ப்பா அப்படிச் சொன்னேன்" என்றேன். "சும்மா சொன்னேன். அப்படி ஒண்ணும் கெடையாது."

அவன் தலையை ஆட்டினான். அதற்கு என்ன அர்த்தம் என்று இதை எழுதுகிற வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பாப்பாத்தி இன்னும் சாக்கிலேயே உட்கார்ந்திருந்தாள். கல் இல்லாமல் முள் இறங்கி நின்றது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவுங்க?" என்றாள்.

சொன்னேன்.

"பத்தாதுங்களா?"

"போதும்மா" என்றேன். ஒரு வருஷம் பிந்திச் சொன்னேன்.